ஒரு ஞாயிற்றுக்கிழமை மழையின் அளவு

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது ஒரு மனிதருடைய வேலையையும் அவர் குடியிருந்த வீட்டையும் இல்லாமற் செய்தேன். செய்தது பெரிய காரியமில்லை. ஒரு போத்தலில் சேர்ந்திருந்த மழைத்தண்ணீரைப் புல்லில் ஊற்றினேன். ஊற்றியவன் நான் என்று சொல்லாமல் இருந்ததுதான் பெரிய காரியம். அதை அறுபது வருடத்துக்குக் கிட்டத் திறமையாகச் செய்தேன்.

இப்போது எழுதுவதற்கு நீங்களும் ஒரு காரணம். போன ஆவணியில் லண்டனில் நோர்பரியிலும் டூட்டிங்கிலும் இருந்து பதினான்கு பேர், எல்லாரும் எழுபதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள், ஊருக்குப் போய் ஒரு வான் வண்டி பிடித்து ஐந்து நாளில் ஏழு நீர்வீழ்ச்சி பார்த்தோம். மூன்றாம் நாள் மலைப்பாதையில் ஒரு தேநீர்க் கடைக்கு முன்னால் வானை நிறுத்தச் சொல்லி நான் மட்டும் இறங்கினேன். ஒன்றரை மணித்தியாலம் உங்களைக் காக்க வைத்தேன். திரும்பி ஏறியபோது பின் இருக்கையில் இருந்தவர் கேட்டார்.

"ஆர் அது, பழைய ஆளோ?"

அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "கண் சிவந்திருக்கு. ஓம், பழைய ஆள்தான்."

வான் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன். அந்தப் பகிடி டூட்டிங்கில் பலசரக்குக் கடை வரிசையில் நின்ற என் மனைவியின் காதுவரை வந்துவிட்டது. அவள் இரண்டு கிழமை என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பழைய ஆள் என்பது ஒரு வகையில் சரிதான்.

அந்த வருடம் ஆவணி விடுமுறைக்கு அப்பா என்னைப் பெரியப்பா வீட்டுக்கு அனுப்பினார். பெரியப்பா மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தலைமைக் கிளாக்கர். யாழ்ப்பாணத்தில் ரயில் ஏற்றும்போது அப்பா தந்த புத்திமதி ஒன்றே ஒன்று. "அங்கை ஒருத்தரையும் நம்பாதை. ஆரும் ஏதும் தந்தால் வாங்கித் தின்னாதை." அவர் மலையைக் கண்டவரில்லை. தோட்டத்துச் சனங்களில் ஒருவரையாவது அறிந்தவருமில்லை. ஆனாலும் மிகவும் நிச்சயமாகச் சொன்னார்.

பெரியப்பா வீட்டில் சந்தேகம் ஒரு வீட்டு வேலை போல நடந்தது. மண்ணெண்ணெய்ப் போத்தலில் இரவு பென்சிலால் ஒரு கோடு போட்டு வைப்பார்; காலையில் கோட்டைப் பார்ப்பார். பெரியம்மா சீனி வைத்த தகரப் பேணியைத் தன் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தா. சமையலுக்கு வந்த பெண் போகும்போது அவளுடைய படங்கை, அதுதான் இடுப்பில் சுற்றும் சாக்குத் துணியை, உதறிக் காட்ட வேண்டும். அவள் நாள் தவறாமல் உதறிக் காட்டினாள். ஒரு நாளும் ஒன்றும் விழவில்லை. ஒன்றும் விழாதது பெரியப்பாவுக்கு நிம்மதி தரவில்லை. "எங்கையோ வேறை வழி வைச்சிருக்கினம்" என்பார்.

அந்த வீட்டில் எனக்குப் பிடித்த ஒன்று இருந்தது. பெரியப்பாவின் டயரியில் நீர்வீழ்ச்சிகளின் பட்டியல். பெயர், எத்தனை அடி உயரம், வீட்டிலிருந்து எத்தனை மைல். ஒவ்வொரு ஞாயிறும் ஒன்று என்று நான்கு குறித்திருந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு ஓடுகிற தண்ணீர் என்றால் தோட்டத்துக்கு இறைக்கும் வாய்க்கால்தான். எங்களுக்கு ஆறு கிடையாது. நான் நீர்வீழ்ச்சிக்குக் கீழே நின்று குளித்துவிட்டு வருவேன் என்று வகுப்பில் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

முதல் ஞாயிறு பார்த்தது தெருவோரத்தில் விழுவது. அட்டை கடிக்கும் என்று பெரியப்பா காரின் கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. கண்ணாடியில் மழை வழிந்தது. அதற்கப்பால் வெள்ளையாக ஒன்று வழிந்தது. இரண்டும் ஒன்று போலத்தான் இருந்தன. இரண்டாம் ஞாயிறு போன இடத்தில் பனிப்புகார் மூடியிருந்தது. அரை மணித்தியாலம் நின்று சத்தத்தை மட்டும் கேட்டோம். பெரியப்பா டயரியில் 'பார்த்தாயிற்று' என்று குறித்தார். மூன்றாம் ஞாயிறு போகவே இல்லை. அதற்குக் காரணம் மழைப் போத்தல்காரர்.

அலுவலகத்துக்குப் பின்னால், வேலி போட்ட ஒரு சதுரப் புல்தரையில் மழைமானி இருந்தது. மேலே பச்சை பிடித்த செப்புப் புனல், கீழே நிலத்தில் புதைத்த குழாய், அதற்குள் ஒரு போத்தல். அதைப் பார்க்கிறவர் கரிய கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு காலை ஆறரைக்கு வருவார். கட்டையான மனிதர். ஒரு முழங்காலைப் புல்லில் ஊன்றிப் புனலைக் கழற்றி, போத்தலை எடுத்து, தண்ணீரை ஒடுங்கிய அளவுக் கண்ணாடியில் வார்த்து, கண்ணுக்கு நேரே பிடிப்பார். பிறகு கண்ணை மூடித் திறந்து இன்னொரு தரம் பார்ப்பார். எப்போதும் இரண்டு தரம். அதன் பிறகுதான் அலுவலக வாசலுக்கு வந்து எண்ணைச் சொல்வார். பெரியப்பா அதைப் பேரேட்டில் எழுதி, பலகையிலும் வெண்கட்டியால் எழுதுவார். நான் வீட்டு ஜன்னலில் இருந்து தினமும் இதைப் பார்த்தேன்.

அந்த மனிதர் புனலைத் தொடாமலே வானத்தைப் பார்த்து எண் சொல்கிறார் என்பது பெரியப்பாவின் சந்தேகம். ஒரு நாள் குடையோடு தானே போய் அவர் வர முதலே அளந்து பார்த்து, தண்ணீரைத் திரும்பப் போத்தலில் ஊற்றிவிட்டு வந்து காத்திருந்தார். அவர் வந்து சொன்ன எண் அப்படியே சரியாக இருந்தது. அன்று மத்தியானச் சாப்பாட்டின்போது பெரியப்பா சொன்னார்: "ஒரு மயிரிழை பிசகில்லாமல் சரியாயிருக்கு. அதுதான் எனக்குச் சந்தேகம்."

பெரியப்பாவுக்கு ஒரு சட்டம் இருந்தது. சனி இரவு இரண்டு இஞ்சுக்கு மேல் பெய்தால் ஞாயிறு நீர்வீழ்ச்சிக்குப் போவதில்லை. மேல்மலைத் தண்ணீர் மத்தியானத்துக்கு மேல்தான் இறங்கி வரும். நல்ல சட்டம்தான். மூன்றாம் ஞாயிறு காலை மழைப் போத்தல்காரர் இரண்டரை இஞ்சு என்றார். பயணம் நின்றது. பெரியப்பா ஏமாற்றத்தில் சொன்னது எனக்கு இன்றும் கேட்கிறது.

"உவன் கூட்டிச் சொல்லுறான். நாங்கள் போய் வந்தால் காரைக் கழுவுறது உவன்தானே."

அவர் யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை. ஆனால் நான் அதை எடுத்து வைத்துக்கொண்டேன். அந்தக் கிழமை முழுவதும் ஜன்னலில் இருந்து அந்த மனிதரைப் பார்த்தபோது, அவர் ஏன் இரண்டு தரம் பார்க்கிறார் என்று யோசித்தேன். ஒரு தரம் உண்மையைப் பார்க்க, ஒரு தரம் பொய்யை யோசிக்க என்று முடிவு கட்டினேன்.

நான்காம் ஞாயிறுதான் கடைசி. செவ்வாய்க்கிழமை எனக்கு ரயில். பட்டியலில் கடைசியாக இருந்தது பெரிய அருவி; அடிவரை இறங்கலாம், தட்டைப் பாறையில் இருந்து சாப்பிடலாம், ஒரு கரையில் குளிக்கலாம். சனி இரவு தகரக் கூரையில் மழை அடித்த சத்தத்தில் பெரியம்மா பேசியது ஒன்றும் கேட்கவில்லை. நான் போர்வைக்குள் படுத்துக்கொண்டு, எவ்வளவு பெய்தாலும் அந்த ஆள் இன்னும் கூட்டித்தான் சொல்வார் என்று கோபித்துக்கொண்டிருந்தேன்.

விடியும்போது மழை விட்டிருந்தது. வெறுங்காலோடு பின்கதவால் இறங்கிப் போனேன். செப்புப் புனல் பனிக்கட்டி போலக் குளிர்ந்தது. போத்தல் கழுத்துவரை நிறைந்திருந்தது. நான் களவு செய்வதாக நினைக்கவில்லை. அவர் கூட்டுகிறார், நான் குறைத்துச் சரிப்படுத்துகிறேன் என்றுதான் நினைத்தேன். அடியில் ஒரு விரல் அளவு விட்டுவிட்டு மிச்சத்தைப் புல்லில் ஊற்றினேன். ஏற்கெனவே நனைந்த புல்லில் அது தெரியவே இல்லை.

வீட்டுக்குள் வந்தபோது சீமெந்துத் தரையில் என் கால்விரல் இடுக்கிலிருந்து இரத்தம் சொட்டியிருந்தது. அட்டை கடித்திருந்தது. பெரியம்மா கண்டு, என் காலைப் பார்த்தா, பின்கதவைப் பார்த்தா, என் முகத்தைப் பார்த்தா. பிறகு காலுக்குச் சவர்க்காரம் பூசிவிட்டு, ஒரு துணியால் பின்கதவு வரைக்கும் தரையைத் துடைத்தா. ஒன்றும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்கிற மனுஷி ஏன் அன்று கேட்கவில்லை என்பதை நான் இப்போதும் யோசிக்கிறேன்.

ஆறரைக்கு மழைப் போத்தல்காரர் வந்தார். ஒரு தரம் பார்த்தார். இரண்டாம் தரம் பார்த்தார். அன்று மூன்றாம் தரமும் பார்த்தார். புனலுக்குள் விரலை விட்டு இலை அடைத்திருக்கிறதா என்று தடவினார். வாசலுக்கு வந்தபோது அவருடைய குரல் எண் சொல்கிற குரலாக இல்லை.

"கால் இஞ்சுங்க ஐயா. ஆனா ராத்திரி கேட்ட மழைக்கும் இந்தத் தண்ணிக்கும் ஒத்து வரலைங்க. இன்னைக்கு அருவிக்கு எறங்க வேணாங்க."

"கூட எண்டாலும் போகாதை எண்டுறாய், குறைய எண்டாலும் போகாதை எண்டுறாய். உனக்கென்ன, கார் கழுவப் பஞ்சியோ?"

"அதுக்கில்லைங்க ஐயா."

"எண்ணைச் சொல்லுறது உன்ர வேலை. போறதும் விடுறதும் எங்கட அலுவல்."

சந்தேகப்படுவதே தொழிலாக இருந்த பெரியப்பா அந்த ஒரு எண்ணை மட்டும் உடனே நம்பினார். அவருக்கும் போக ஆசை.

போனோம். பெரியப்பா, பெரியம்மா, அவர்களுடைய மகள், நான். மகளை நான் அக்கா என்பேன். அவவுக்குப் பதினாறு வயது, இரட்டைப் பின்னல். பெரிய அருவி நான் நினைத்ததை விடப் பெரிதாக இருந்தது. பாறையில் இருந்து வாழை இலையில் கட்டிய புட்டும் கரியரில் கொண்டுபோன முட்டைப் பொரியலும் சாப்பிட்டோம். தூறல் பட்டு எல்லாருடைய தலைமயிரிலும் வெள்ளைப் பொடி போலத் தண்ணீர் நின்றது. நான் கரையில் இடுப்பளவு நீரில் நின்றேன். வகுப்பில் சொன்னது உண்மையாகிவிட்டது என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷம் சுத்தமாக இருந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மழைப் போத்தல்காரரைப் பற்றி ஒரு தரமும் நினைக்கவில்லை.

குளிர்கிறது என்று நான் ஏறி வந்துவிட்டேன். அக்கா சாப்பாட்டுக் கரியரைக் கழுவ இறங்கினா. முதலில் தண்ணீரின் நிறம் மாறியது. வெள்ளையாக விழுந்தது வெறுந்தேநீர் நிறத்தில் விழுந்தது. அடுத்து, தண்ணீருக்கு அடியில் கற்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம். பெரியப்பா "ஏறு பிள்ளை" என்று கத்தினார். அக்கா கரியரை விடாமல் எட்டிப் பிடிக்கப் பார்த்தா. அடுத்த கணம் அக்கா நின்ற கல் அங்கே இல்லை.

கீழே இரண்டு பாறைகளுக்கு நடுவில் அவ அகப்பட்டுக்கொண்டா. அதனால்தான் உயிர் தப்பியது. மேலே புல் வெட்டிக்கொண்டிருந்த தோட்டத்து ஆட்கள் கம்பளிகளை முடிச்சுப் போட்டுக் கயிறாக்கி இறங்கித் தூக்கினார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. பொருத்தியது சரியாகப் பொருந்தவில்லை. அக்கா அன்றிலிருந்து நொண்டிக்கொண்டுதான் நடக்கிறா.

திங்கட்கிழமை அலுவலகத்தில் விசாரணை. தோட்டத்துத் துரை அக்கரைத் தோட்டத்துக்குப் போன் எடுத்து அவர்களுடைய எண்ணைக் கேட்டார். மூன்றரை இஞ்சு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மூன்றரை, இந்தப் பக்கம் கால் என்றால் இந்தப் பக்கத்து ஆள் பார்க்காமல் சொல்லியிருக்கிறார் என்பது ஒரு குழந்தைக்கும் விளங்கும். ஜன்னலுக்கு வெளியே நின்ற குழந்தைக்கு நன்றாக விளங்கியது.

துரை ஆங்கிலத்தில் கேட்டார். பெரியப்பா தமிழில் கேட்டார். "பார்த்தனியோ, பார்க்காமல் சொன்னனியோ?"

"பாத்ததுதாங்க சொன்னேன். ரெண்டு மொறை பாத்தேன், மூணாவது மொறையும் பாத்தேன். ஒத்து வரலைன்னும் சொன்னேன், எறங்க வேணாம்னும் சொன்னேனுங்களே ஐயா."

பெரியப்பா ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னது மிகச் சிறிய வசனம். அப்போது எனக்கு ஆங்கிலம் அவ்வளவு தெரியாது. ஆனால் அத்தனை தமிழ் அந்தச் சிறிய வசனத்துக்குள் அடங்கியிருக்க முடியாது என்று இப்போது தெரியும். தான் எச்சரிக்கப்பட்டதை அவர் மறைத்தார். நான் ஊற்றியதை மறைத்தேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே ஆளின் மேல் ஏறி நின்றோம்.

அந்த மனிதர் ஒரு கணம் ஜன்னல் பக்கம் பார்த்தார். என்னைத்தான் பார்த்தாரா, வெளியில் மழை தூறுகிறதா என்று பார்த்தாரா, தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை ரயிலுக்குப் போகும் வழியில் காருக்கு முன்னால் அவர்கள் நடந்து போனார்கள். தோட்டத்தில் வேலை போனால் குடியிருக்கும் லயத்து அறையும் போகும். அவர் தலையில் தகரப் பெட்டி. மனைவியின் தலையில் ஒரு மூட்டை. பின்னால் ஆறேழு வயதுப் பெண்பிள்ளை அரிக்கன் லாம்பு ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனாள். கார் அவர்களை விலத்திப் போகும்போது நான் குனிந்து, சப்பாத்து நாடாவைக் கட்டுவது போல இருந்தேன். கட்டியிருந்த நாடாவைத்தான் மறுபடி கட்டினேன்.

சில மாதங்களுக்குப் பிறகு பெரியப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. அப்பா சத்தமாக வாசித்தார். அந்த ஆளை அக்கரைத் தோட்டத்தில் நாட்கூலிக்கு வைத்திருக்கிறார்களாம். சனங்கள் 'மழைக்கள்ளன்' என்று பட்டம் வைத்துவிட்டார்களாம். அப்பா அந்தச் சொல்லை இரண்டாம் தரம் வாசித்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு படித்தேன், லண்டன் வந்தேன், ஒரு கவுன்சிலில் முப்பது வருடம் வேலை செய்தேன். உங்களில் பலருக்கு என் வேலை தெரியும். பெனிபிட், அதாவது அரசாங்க உதவிப் பணம், கேட்டு வருகிறவர்கள் சொல்வது உண்மையா என்று பார்க்கிற வேலை. ஒரே கேள்வியை இரண்டு விதமாகக் கேட்பேன். எல்லாம் சரியாக இருந்தால் கூடுதலாகச் சந்தேகப்படுவேன். பெரியப்பா செத்துப்போய் நெடுநாளான பிறகும் அவருடைய பென்சில் என் கையில் இருந்தது.

அக்கா ஜேர்மனியில் நெடுங்காலம் இருந்துவிட்டு, மகனோடு லண்டனில் லூயிஷாமுக்கு வந்தா. அவவுக்கு ஆங்கிலம் குறைவு. மூன்று வருடத்துக்கு முன் கால் வலி கூடி, ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். டொக்டர் இந்தக் கால் எப்படி முறிந்தது என்று கேட்டா. அக்கா தமிழில் சொன்னா: "மழை எவ்வளவெண்டு பார்க்கிற ஆள் பார்க்காமல் பொய் சொல்லிப்போட்டார். அதை நம்பிப் போனம். அப்பிடித்தான்."

நான் அதை ஆங்கிலத்தில் சொல்ல வாய் திறந்தேன். "சின்ன வயதில் ஒரு அருவியில் விழுந்துவிட்டா" என்று மட்டும் சொன்னேன். மிகச் சிறிய வசனம். சொல்லி முடித்ததும் அலுவலகத்தில் நின்ற பெரியப்பா ஞாபகத்துக்கு வந்தார்.

திரும்பி வரும் ரயிலில் அக்காவிடம் சொன்னேன். போத்தல், புல், ஒரு விரல் அளவு, எல்லாம். அடுத்த ஸ்டேசன் தாண்டியதும் அக்கா என் பக்கம் திரும்பினா.

"உனக்கென்ன, ஏதும் வருத்தமோ? சாகப் போறியோ?"

"இல்லை அக்கா."

"அப்ப ஏன் இப்ப சொல்லுறாய்?"

அக்கா ஊன்றுகோலை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தா.

"என்ர கால் கிடக்கட்டும். அந்தாளிட்டைச் சொன்னனியோ?"

"இல்லை."

"அப்ப என்னட்டைச் சொல்லி என்ன."

அதன் பிறகுதான் நீர்வீழ்ச்சிப் பயணத்துக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். நீங்கள் என்னைப் பெரிய இயற்கை ரசிகன் என்று நினைத்தீர்கள். எங்கள் வான் சாரதி அந்தப் பக்கத்தவர். முதல் நாளே அவரிடம் தனியாக விசாரித்தேன். "மழைக்கள்ளனா? செத்து ரொம்ப காலமாச்சுங்க. அவரு மக கடை இருக்கு, பெரிய அருவிக்கு நேரெதிர. மழைக்கள்ளன் கடைன்னு கேட்டா சின்னப் பிள்ளையும் சொல்லும்."

கடை என்றால் நான்கு தகரம், ஒரு அடுப்பு, ஒரு பெஞ்சு. அவித்த சோளமும் பருப்பு வடையும் பிளேன்டியும். பெஞ்சில் மூன்று கிழவர்கள் இருந்தார்கள். அவருடைய மகள் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றா. என்னை விட நான்கைந்து வயது இளமை. தெருவுக்கு அப்பால் அருவி விழுந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்க்காமல் அவவுடைய அப்பாவைப் பற்றி விசாரித்தேன். உடனே அவவின் முகம் இறுகியது.

"நீங்க யாரு? எந்த ஆபீசு?"

"ஆபீஸ் இல்லையம்மா. நான் லண்டனிலையிருந்து வாறன்."

"ரோட்டை அகலிக்கக் கடையை எடுக்கச் சொல்லி வந்தீங்களா?"

"இல்லை."

"அப்ப போன்ல படம் புடிச்சிப் போடவா?"

போனை எடுத்து அவவின் பலகையில் கவிழ்த்து வைத்தேன். பிறகு சொன்னேன். கிளாக்கர் வீட்டுக்கு விடுமுறைக்கு வந்த பொடியன் நான், அன்று காலை போத்தலை ஊற்றியவன் நான் என்று. அவ வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தா. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"எவ்வளவு ஊத்துனீங்க?"

"தெரியாது. போத்தல் கழுத்துவரை இருந்தது. அடியில் ஒரு விரல் விட்டனான்."

அவ அகப்பையை வைத்துவிட்டு அடுப்பைத் தணித்தா.

"அப்பா சாகுற வரைக்கும் அதைத்தான் கேட்டாரு. அன்னைக்கு ராத்திரி எவ்வளவு பேஞ்சிருக்கும்னு. வேலை போனதுக்கு அவரு அழுகலைங்க. தன் கண்ணையே சந்தேகப்பட ஆரம்பிச்சாரு. மணி என்னான்னு பாத்துட்டு, நீயும் பாரும்மா, சரியாத்தான் பாத்தேனான்னு கேப்பாரு. சோத்துல உப்பு போட்டுட்டு, போட்டேனான்னு கேப்பாரு. மூணு மொறை பாத்தும் தப்பாப் பாத்த கண்ணுன்னு சொல்லுவாரு."

நான் எதிர்பார்த்துப் போனது கோபத்தை. வேலையையும் வீட்டையும்தான் பறித்தேன் என்று இவ்வளவு காலமும் கணக்குப் பார்த்திருந்தேன். அந்த மனிதரிடம் இருந்த ஒரே நிச்சயத்தைப் பறித்தேன் என்பது அந்த அடுப்படியில்தான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவ பெஞ்சின் பக்கம் தாடையால் காட்டினா.

"எங்கிட்ட சொல்லி என்னாங்க? பேரு வச்சவங்க அங்க உக்காந்திருக்காங்க. அவங்ககிட்ட சொல்லுங்க."

பெஞ்சுக்கு முன்னால் போய் நின்று, மூன்று கிழவர்களிடமும் முதலிலிருந்து மறுபடி சொன்னேன். அவர்கள் தேநீர் குடித்துக்கொண்டே கேட்டார்கள். முடிந்ததும் ஒருவர் மற்றவரிடம் சொன்னார்.

"லண்டன்ல இருந்து ஆளைப் புடிச்சாந்து சொல்ல வைக்கிறா பாரேன். கெட்டிக்காரி."

"கிளாக்கரு வீட்டு ஆளா இவரு?" என்றார் இரண்டாமவர். "அவங்க எப்ப உண்மையைச் சொன்னாங்க, இப்ப சொல்ல?"

மூன்றாமவர் என் சப்பாத்தைப் பார்த்தார். "கடையை வாங்கப் போறாருபோல."

எனக்குப் பின்னால் அவ சிரிக்கும் சத்தம் கேட்டது. "பாத்தீங்களா" என்று மட்டும் சொன்னா. நான் தேநீருக்குக் காசு கொடுத்தேன்; அவ கணக்காக மிச்சத்தைத் தந்தா. அழுதது அப்போதில்லை. வானுக்கு நடந்து வரும்போது, தெருவோரத்தில்.

லண்டன் திரும்பியதும் இங்கே தோட்டச் சாமான்கள் விற்கிற கடையில் ஒரு மழைமானி வாங்கினேன். பிளாஸ்டிக்கில், மில்லிமீற்றர் கோடு போட்டது. ஊருக்குப் போன ஒருவரின் கையில் என் தொலைபேசி எண்ணோடு கொடுத்து விட்டேன். கடிதம் எழுதவில்லை. எழுதினால் என்னை நானே நல்லவனாக்கிக்கொள்வேன் என்று பயம். ஆறு கிழமை ஒரு சத்தமும் இல்லை. எறிந்திருப்பா, அல்லது விற்றிருப்பா என்று நினைத்தேன். உடனே இது பெரியப்பாவின் நினைப்பு என்றும் நினைத்தேன்.

ஒரு காலை எழும்பிப் பார்க்கையில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. '42'. வேறு ஒரு சொல் இல்லை. அடுத்த நாள் '17'. அதற்கடுத்த நாள் '88', அதோடு ஒரு படம். கடை வாசலில் ஒரு கரும்பலகை. அதில் வெண்கட்டியால் 88, கீழே 'இன்று அருவியில் இறங்க வேண்டாம்'. பலகைக்கு முன்னால் இரண்டு சுற்றுலா வான்கள் நின்றன. எங்கள் வான் சாரதியிடம் போனில் கேட்டேன். இப்போது சாரதிகள் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் ஆட்களை இறக்குகிறார்களாம். பெயர் மாறிவிட்டதா என்று கேட்டேன். "இல்லைங்க. மழைக்கள்ளன் கடை பலகைன்னுதான் சொல்றோம்."

நான் ஒரு கொப்பி வாங்கித் தேதி போட்டு, வருகிற எண்ணை எழுதி வைக்கிறேன். அக்கா லூயிஷாமிலிருந்து தினமும் காலையில் போன் எடுத்து "இண்டைக்கு எவ்வளவு?" என்று கேட்பா. சொல்வேன். பிறகு கால் வலியைப் பற்றிக் கதைப்போம்.

போன கிழமை வந்த எண் '0'.

எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. போனில் செய்மதி மழைப் படம் பார்க்கலாம் அல்லவா, பார்த்தேன். அந்த மலைகளின் மேல் இரவு முழுக்க நீலமும் பச்சையுமாக மேகம் நின்றிருந்தது. எப்படிப் பார்த்தாலும் ஐம்பது இருக்க வேண்டும். போத்தலில் ஓட்டையா, யாரும் ஊற்றிவிட்டார்களா, அல்லது அவ வேண்டுமென்றே எனக்குக் குறைத்து அனுப்பிப் பார்க்கிறாவா என்று மூன்று சந்தேகமும் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. 'பார்த்தனீங்களோ, பார்க்காமல்' என்று எழுத்தில் தட்டிக்கொண்டு போனேன். அங்கே விரல் நின்றது. அழித்தேன்.

கொப்பியைத் திறந்து, தேதி போட்டு, 0 என்று எழுதினேன். பக்கத்தில் கேள்விக்குறி போடவில்லை.

அக்கா போன் எடுத்தா. "இண்டைக்கு எவ்வளவு?"

"சைபர்."

"அங்கை மழையெண்டு நியூசில சொன்னாங்களே. நீ நம்புறியோ?"

"ஓம். அவ பார்த்துத்தான் சொல்லியிருக்கிறா."